எடுத்த புள்ளி

திரையில் இருந்த படத்தில் ஒரு கோடுகூட இன்னொரு கோட்டை வெட்டவில்லை.

முப்பத்தேழு புள்ளிகள். ஒவ்வொன்றும் அந்தக் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்த ஒருவர். விபத்துக்கு முந்தைய வாரத்தில் யார் யாருக்குச் செய்தி அனுப்பினார்களோ, அவர்களுக்கு நடுவே ஒரு கோடு. இடது பக்கம் இயந்திர அறை. வலது பக்கம் அலுவலகம். இடையில் வெறும் வெள்ளை.

"பாருங்க சார்," என்றார் நிறுவனம் அழைத்துவந்த நிபுணர். "கீழே இருந்து மேலே ஒரு கோடுகூட போகல. வால்வு கசியுதுன்னு நிர்வாகத்துக்கு யாருமே சொல்லல."

விசாரணைக் குழுவில் இருந்த மூன்று பேரும் தலையாட்டினார்கள். அவ்வளவு சுத்தமான படத்தைப் பார்த்தால் யாருக்கும் தலையாட்டத்தான் தோன்றும்.

நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன், இறந்துபோன நான்கு பேரின் குடும்பங்களோடு. நால்வரில் ஒருவன் என் தம்பி. எங்களுக்குப் பேச அனுமதி இல்லை.

என் கண் படத்தின் மேல் நிற்கவில்லை. வலது கீழ் மூலையில், எறும்பு அளவு எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது.

k = 1.

பதினோரு வருடமாக அந்த எழுத்தோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். பின்னிக்கிடக்கும் ஒரு வலைப்படத்தைக் கோடுகள் வெட்டாமல் வரைய, குறைந்தது எத்தனை புள்ளிகளைத் தூக்கவேண்டும்? அந்த எண்தான் k. அது சிறியதாக இருந்துவிட்டால் போதும், எத்தனை பெரிய சிக்கலையும் கணினி சீக்கிரமே அவிழ்த்துவிடும்.

தம்பி இதைச் சொல்லியே என்னை ஓட்டுவான். "கோடும் கோடும் முட்டிக்காம பாத்துக்கறதுக்கு டாக்டர் பட்டமா? அதுக்கு ஒரு டிராபிக் போலீஸ் போதுமே அக்கா!"

ஒருநாள் மட்டும் விளையாட்டை விட்டுக் கேட்டான், தூக்கின புள்ளி அப்புறம் எங்கே போகும் என்று. கடைசிப் படியில் அதை அதன் கோடுகளோடு திருப்பி வைத்துவிடுவோம் என்றேன். பார்க்க அசிங்கமாக இருக்கும். வைக்காவிட்டால் அது பொய்ப் படம்.

புள்ளிகளுக்குப் பக்கத்தில் இருந்த பணியாளர் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

தம்பியின் எண் இல்லை.

எழுந்து நின்றேன். "மூலையில k = 1னு போட்டிருக்கே. அந்த ஒருத்தர் யாரு?"

நிபுணர் சிரித்தார். "படம் தெளிவா தெரியணும்னு மென்பொருளே ஒருத்தரை எடுத்துடுச்சு மேடம். நாங்க யாரும் கை வைக்கல."

"நீங்க சொந்தக்காரங்கம்மா, சாட்சி இல்ல," என்றார் குழுத் தலைவர். குரலில் கனிவுதான் இருந்தது. "உக்காருங்க."

உட்காரவில்லை. எந்த ஆய்வுக் கட்டுரையின் முறைப்படி படம் வரையப்பட்டது என்பதை, எங்களுக்கும் ஒரு பிரதி கொடுத்திருந்த தன் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே நிபுணர் எழுதியிருந்தார். அந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே இருந்தது என் பெயர்.

"அந்த முறையை எழுதினதே நான்தான் சார். கடைசிப் படியை ஏன் நிறுத்தி வெச்சீங்க?"

அவர் அறிக்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

குழுவின் மேசையில் படத்தின் அச்சுப் பிரதி விரிந்து கிடந்தது. முன்னால் போய், குறிப்பெடுப்பவரின் சிவப்புப் பேனாவைக் கேட்காமலே எடுத்து, அந்த வெள்ளையின் நடுவில் ஒரு புள்ளி வைத்தேன். வாசலில் நின்ற காவலாளி ஓடிவந்தான். தலைவர் கைகாட்டி அவனை நிறுத்தினார்.

மருத்துவமனையில் கொடுத்த தம்பியின் போனை ஏழு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் மனப்பாடம். இயந்திர அறையில் ஆறு பேர் அவனிடம் சொல்லியிருந்தார்கள். அவன் மேலே பத்து பேரிடம் சொல்லியிருந்தான்.

ஆறு கோடுகளை இழுத்தேன். பிறகு மேலாளருக்கு ஒன்று. துணை மேலாளருக்கு ஒன்று. பாதுகாப்பு அதிகாரிக்கு ஒன்று. கோடு கோட்டை வெட்டியது, எண்களின் மேல் ஏறியது, ஒரு இடத்தில் தாள் கிழிந்தது. அழகான படம் நாசமாகட்டும் என்று அழுத்தியே இழுத்தேன். என் பின்னால் கடைசி வரிசையில் யாரோ எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொருவர்.

பத்தாவது கோடும் முடிந்தது.

"போதும்மா," என்றார் தலைவர். "புரிஞ்சுது."

போதாது. தம்பியின் புள்ளியிலிருந்து பதினோராவது கோட்டைத் தொடங்கி, வழியில் இருந்ததையெல்லாம் வெட்டிக்கொண்டு தாளின் ஓரம்வரை கொண்டுபோனேன். அங்கே இன்னொரு புள்ளி வைத்தேன்.

"இது யாரு? கம்பெனி ஆள் மாதிரி தெரியலையே," என்றார் தலைவர்.

தம்பியின் போனை மேசையில் வைத்தேன். விபத்து நடந்த அன்று காலை பத்து நாற்பதுக்கு அவன் அனுப்பிய கடைசிச் செய்தி.

'அக்கா, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், ஒருத்தரும் பதில் போடல. என்ன பண்றதுன்னு தெரியல. ஒரு நிமிஷம் கூப்பிடு.'

அதன் கீழே, வாசித்தாகிவிட்டது என்பதற்கான இரண்டு நீலக் குறிகள். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அன்று காலை நான் அந்தக் கட்டுரையின் கடைசிப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"சாட்சி," என்றேன். "பதில் சொல்லாதவங்க மொத்தம் பதினோரு பேர் சார். என்னையும் சேர்த்து எழுதிக்கோங்க."