பதில் வராத பெயர்

வந்திருந்தவர்கள்: துப்பாக்கியோடு நான்கு சிப்பாய்கள், அவர்களை அழைத்து வந்த சார்ஜென்ட், பியூகிள் ஊதுகிறவர், சாவிக்கொத்தோடு கல்லறைக் காவலாளி, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக் குமாஸ்தா, அப்புறம் ஒரு கிழவர். படிவத்தில் உறவினர்கள் என்று இருந்த கட்டத்தில் குமாஸ்தா ஒரு கோடு இழுத்துவிட்டார்.

கிழவர் செத்தவரின் பட்டாளத்துக் கூட்டாளி. மழுங்கச் சவரம் செய்து, கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, சவப்பெட்டியைவிட விறைப்பாக நின்றார்.

முந்தாநாள் இதே கிழவர் குமாஸ்தாவின் ஜன்னலுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் நின்றிருந்தார்.

"பேரெல்லாம் அப்புறம் சொல்லலாம் ஐயா. செத்தவரோட பட்டாளத்து டிஸ்சார்ஜ் பேப்பர் இருக்கா?"

"தொலைச்சிட்டான் சார். வீடு மாறி மாறியே எல்லாத்தையும் தொலைச்சான்."

"நகல் வர ஆறு வாரம் ஆகும்."

"பிணவறையில நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் வச்சிருப்பாங்களாம். அப்புறம் அனாதைப் பிணத்தோட சேத்து ஒரே குழியில தள்ளிருவாங்க. ரோட்டுல விழுந்து செத்தவன். அங்க அவனுக்குப் பேர்கூட கிடையாது, வெறும் நம்பர்."

"நான் என்னங்க ஐயா பண்ண? பேப்பர் இல்லாதவர் எங்களைப் பொறுத்தவரை பட்டாளத்துக்காரரே இல்லை."

"அடிபட்டுக் கிடந்த என்னை முதுகுல போட்டுக்கிட்டு ஆறு மைல் நடந்தவன் சார்."

"அது பேப்பர்ல இருக்கா?"

குமாஸ்தா கிண்டலுக்குக் கேட்கவில்லை. இருப்பதற்கெல்லாம் அவரிடம் படிவம் உண்டு, இல்லாததற்குக் கிடையாது. மேலதிகாரிக்கு இரண்டு முறை போன் போட்டுப் பார்த்தார். முதல் முறை விதியைப் படித்துக் காட்டினார்கள். இரண்டாம் முறை, முதல் முறையே சொன்னோமே என்றார்கள்.

கிழவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால்கூட குமாஸ்தாவுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தபோது கிழவர் பேப்பரோடு நின்றார்.

"அட, கிடைச்சிருச்சா? எங்க இருந்துச்சு?"

"பெட்டியில, துணிக்கு அடியில."

மூலையில் ஒட்டியிருந்த போட்டோவில் ஒட்ட வெட்டிய முடியோடு ஒரு பையன் முறைத்துக்கொண்டிருந்தான். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய படம். அதை வைத்துப் பெற்ற தாயாலும் ஆளை அடையாளம் சொல்ல முடியாது. மற்றதெல்லாம் கச்சிதமாக இருந்தது. குமாஸ்தா பெயரையும் எண்ணையும் பதிவேட்டில் ஏற்றி, 'காலமானார்' முத்திரையைக் கையில் எடுத்தார்.

"இதைக் குத்தினா என்ன ஆகும் சார்?"

"கதை முடிஞ்சுது. பென்ஷன், ஆஸ்பத்திரி, மருந்து எல்லாம் நின்னுடும். அடக்க மரியாதையும் ஒருத்தருக்கு ஒரு தடவைதான்."

"மருந்துமா நின்னுடும்?"

"செத்தவருக்கு எதுக்குங்க ஐயா மருந்து? இனிமே என்ன காய்ச்சலா வரப்போகுது?"

கிழவரும் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "அதுவும் சரிதான். குத்துங்க சார்."

இப்போது சவப்பெட்டி கல்லறைச் சுவருக்குள் கட்டிய சிறிய அறைக்குள் போயிருந்தது. அதன்மேல் கிடந்த கொடியைச் சிப்பாய்கள் முக்கோணமாக மடித்துக் கிழவரின் கையில் கொடுத்தார்கள். பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டார்.

சார்ஜென்ட் வருகைப் பட்டியலை விரித்தார். படைவீரனின் அடக்கத்தில் கடைசியாக ஒரு தடவை பெயர் கூப்பிடுவது வழக்கம். செத்தவனின் பெயரை மூன்று முறை கூப்பிடுவார்கள். மூன்று முறையும் பதில் வராவிட்டால் கதவைப் பூட்டலாம்.

சிப்பாய்கள் நால்வரும் தங்கள் பெயருக்கு "உள்ளேன் ஐயா" என்றார்கள். பிறகு சார்ஜென்ட் செத்தவரின் பெயரைக் கூப்பிட்டார்.

கிழவரின் குதிகால்கள் தாமாகச் சேர்ந்துகொண்டன.

இரண்டாம் முறை கூப்பிட்டார். கிழவர் கைக்குட்டையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார்.

மூன்றாம் முறை. கிழவர் கைக்குட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. பாவம், அழுகையை அடக்க முடியவில்லை என்று குமாஸ்தா நினைத்தார். தோளைத் தொடலாமா என்று யோசித்து, தொடாமலே நின்றார்.

பதில் வரவில்லை. பியூகிள்காரர் கருவியை உதட்டில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். அதற்குள் இருந்தது பேட்டரியில் ஓடும் சின்னப் பாட்டுப்பெட்டி. நிஜமாக ஊதத் தெரிந்தவர் ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. பாட்டு என்னவோ பிசிறில்லாமல் வந்தது.

காவலாளி இரும்புக்கதவைச் சாத்தினார். சாவியை இரண்டு சுற்றுச் சுற்றி, பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். சிப்பாய்கள் வண்டிக்குப் போனார்கள். அடுத்த அடக்கம் பதினொரு மணிக்கு.

குமாஸ்தா அட்டையில் செருகிய படிவத்தை நீட்டினார். "ஒரே ஒரு வேலை பாக்கி ஐயா. சாட்சின்னு போட்டிருக்கு பாருங்க, அங்க உங்க பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. அதோட உங்களை விட்டுடறேன்."

கிழவர் பேனாவை வாங்கினார். காகிதத்தில் வைத்தார். எழுதவில்லை.

"அவர் பேர் இல்லைங்க ஐயா. உங்க பேரு."

கிழவர் பூட்டிய கதவைப் பார்த்தார்.

"அதைத்தானே சார் இப்ப உள்ள வச்சுப் பூட்டினீங்க."