கைவிட்டுப் போன பேட்டன்ட்

"உன் எதிர்லயே சொல்றேன் மதுவந்தி, இந்த மனுஷரால எனக்குக் கரியாஹாட் மார்க்கெட் பக்கம் தலைகாட்ட முடியலை. 'ஜலஜா தீதி, பேட்டன்ட் கிடைச்சாச்சா?'ன்னு காய்க்காரிகூடக் கேட்கறா. நான் என்னத்தைச் சொல்ல?"

ஜலஜா பொரிந்து தள்ளினாள்.

அவள் கணவர் பட்டாபிராமன் "காபி கொண்டு வரேன்" என்று சமையலறைக்குள் நழுவினார்.

எழுத்தையெல்லாம் புள்ளிக் குறிகளாக்கி ஃபோட்டோ ஃபிலிமில் பதித்து வைக்கும் முறை அவர் கண்டுபிடித்தது. கம்ப்யூட்டர் செத்தாலும் ஃபிலிம் செத்துப் போகாதாம். வருஷக்கணக்கான உழைப்பு. பேட்டன்ட் தரக்கூடாது என்று ஒரு மும்பை கம்பெனி எதிர்த்தது; கம்பெனியே ஜெயித்தது. இவர்களுக்காக வாதாடிய வக்கீல் மதுவந்தி, ஃபைலைத் திருப்பிக் கொடுக்க கல்கத்தா பவானிபூர் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"நேரத்தோட மனு போடாம தூங்கிட்டேன்னு அவரே ஒத்துண்டார். வடிகட்டின சோம்பேறி! சொந்தக்காரா எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

மதுவந்தி நெளிந்தாள். "மாமா மேல தப்பில்லை மாமி. மனு போடறதுக்கு முன்னாடியே விஷயம் வெளியில போயிடுத்து. அப்படிப் போயிட்டா பேட்டன்ட் கிடைக்காது."

"யார் சொன்னது வெளியில? கூட வேலை பார்த்த அந்த வெங்கடராமனா? கம்பெனிக்காரன்கிட்ட கை நீட்டியிருப்பான்! இரு, நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்கறேன்."

போனை எடுத்து நம்பரைத் தேடினாள்.

"ஐயோ மாமி, வேண்டாம்! அவர் பாவம்!"

"அப்போ யாருன்னு சொல்லு."

மதுவந்தி வேறு வழியில்லாமல் தன் மொபைலை நீட்டினாள். "கம்பெனி காட்டின சாட்சி இதுதான்."

தமிழ்ச் சங்கத்துக் கொலுப் போட்டிக்காக எடுத்து ஃபேஸ்புக்கில் போட்ட வீடியோ. படிகளுக்குப் பக்கத்தில் பட்டுப்புடவையில் ஜலஜா. கையில் ஃபிலிம், பின்னால் பல்பு.

"எங்காத்து ஸ்லோகமெல்லாம் இதுல புள்ளியா இருக்கு. இதை எப்படிப் பதிக்கறதுன்னா..." ஒன்று விடாமல் விளக்கிக்கொண்டிருந்தாள்.

உள்ளே காபி ஆற்றும் சத்தம் கேட்டது. ஜலஜாவால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

"இதை... அவர் பார்த்தாரா?"

"கேஸ் போனதே இதாலதானே மாமி. உங்ககிட்ட மட்டும் மூச்சு விடக்கூடாதுன்னு கெஞ்சினார்."

"ஏனாம்?"

"'தெரிஞ்சா அவ அடுத்த வருஷம் கொலு வைக்க மாட்டாம்மா'ன்னார்."