முப்பத்து மூன்றாவது பல்

மேல்தாடையில் எலுமிச்சம்பழம் அடக்கியதுபோல வீக்கம் வந்தபோது, கிருபாசங்கர்மேல் டாக்டர் கத்தியே வைக்கவில்லை. "கிட்னி கெட்டதாலதாங்க தாடையெலும்பு கரைஞ்சு வீங்குது. அதைச் சரிபண்ணாம இதை வெட்டுனா மறுபடி வருமுங்க" என்றார். அக்கா சாந்தாமணி தன் கிட்னி ஒன்றைக் கொடுத்தாள். வருடத்துக்குள் வீக்கம் தானாக வடிந்துவிட்டது. அக்காதான் போன ஆவணியில் மாரடைப்பில் போய்விட்டாள்.

இப்போது அதே இடத்தில் ஒரு பல் முளைத்திருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் பல் முளைத்தவனுக்குக் காது குத்த வேண்டுமா என்று அவனுக்கே தெரியவில்லை. டாக்டர் எண்ணினார். முப்பத்து மூன்று. செவ்வாய்க்கிழமை பிடுங்கிவிடலாம் என்றார். கிருபாசங்கர் கண்ணாடியில் பார்த்தான். இடப்பக்கம், சற்றே தூக்கலாக, அக்காவின் தெத்துப்பல். பள்ளிக்கூட பஸ்ஸில் 'தெத்துப்பல்லி' என்று கத்தி அவளிடம் வாங்கிய குட்டுகள் உச்சந்தலையில் வரிசையாக வலித்தன.

வீட்டில் அக்கா மகள் லோகப்பிரியா இருந்தாள். அம்மா போனதிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்ட பெண்.

"டாக்டர் என்ன சொன்னாருங்க மாமா?"

"கொழந்தைக்குப் பல்லு மொளைச்சிருக்குதாமா கண்ணு. ஆரையாச்சும் கடிக்கறதுக்குள்ள செவ்வாக்கெழமை புடுங்கிப்போடறாங்களாமா" என்று சிரித்தான்.

அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புடுங்க வேண்டாமுங்க மாமா" என்றாள். "இன்னொருக்கா சிரிங்க."