யார் பேர் முதலில்?

"கட்டுரையில என் பேருதாம்மா முதல்ல வரணும். உன் பேரு ரெண்டாவது."

பேராசிரியர் சுவாமிநாதன் கூசாமல் சொன்னார். தாமரைச்செல்விக்கு வயிறு எரிந்தது.

இந்தக் கட்டுரை வந்தால்தான் அவளுக்கு டாக்டர் பட்டம். தினமும் அம்பகரத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, மூன்று வருடமாகப் போரான் தூளோடு மல்லாடியிருக்கிறாள். ராக்கெட் எரிபொருள் என்று பெயர்தான் பெரிது, லேசில் எரியாது. இரும்பு நானோ துகளைக் கலந்தால் பாதி நேரத்தில் எரிந்து முடிகிறது என்று கண்டுபிடித்தவள் அவள்.

சார் லேபுக்குள் வந்தது ஒரே ஒரு நாள், ஆயுத பூஜைக்கு. இரும்பு கலக்காத வெறும் போரான் தூள் டப்பாவைச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னார்.

"மூடியத் தொறந்து வைங்க. சாமி உள்ள பாக்க வேணாமா?"

பூஜையில் வைத்ததை விஜயதசமி முடியாமல் தொடக்கூடாதாம். கடற்கரை ஊர், வெளியே அடைமழை. டப்பா இரண்டு நாள் திறந்தே கிடந்தது. பிறகு அவள்தான் மூடி வைத்து, இரண்டு தூளையும் எரித்து ஒப்பிடும் சோதனையைத் தொடங்கினாள். இரும்பு கலந்த தூள் பத்திரமாகப் பீரோவில் இருந்தது.

"பொரிகடலை திங்க வந்தவருக்கு முதல் பேரு கேக்குது. வெக்கமா இல்ல?" என்று உடன் படிக்கும் ரஞ்சித்குமாரிடம் பொரிந்து தள்ளினாள்.

மறுநாள் காலை சார் கூப்பிட்டார்.

"யோசிச்சுப் பாத்தேம்மா. உழைச்சது நீ. என் பேர எடுத்துடு. உன் பேரு மட்டும் இருக்கட்டும்."

இந்த மனுஷனையா அப்படிப் பேசினோம்? காலில் விழுந்து எழுந்தாள்.

"எந்தப் புரொபசருக்கு இந்த மனசு வரும்?" என்றான் ரஞ்சித்குமார். மதியத்துக்குள் துறை முழுக்க இதே பேச்சு.

கட்டுரையைத் தன் பெயரில் மட்டும் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு லேபுக்குள் வந்தாள். உதவியாளர் அஞ்சுகம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நேத்து சாயங்காலம் சார் வந்திருந்தாருங்க. முதல் பேரு நம்மளுது, நாலு பேரு கேள்வி கேப்பாங்கன்னு சொல்லிக்கிட்டே, அந்த வெறும் தூள ஓவன்ல காயவச்சு, அதையும் இரும்பு கலந்ததையும் மாத்தி மாத்திக் கொளுத்திப் பாத்தாரு. ரெண்டும் ஒரே நேரந்தான் எரியுது, பூஜை அன்னைக்கு ஈரம் ஏறுனதால வந்த வினைன்னு தலையில அடிச்சுக்கிட்டுப் போனாரு."

அஞ்சுகம் துணியைப் பிழிந்தபடி கேட்டார்.

"உங்ககிட்ட சொல்லலீங்களா?"