செம்புப் பொட்டு

கிணுங் கிணுங்கென்று அரைஞாண் மணி. எண்பதுகளின் தொடக்கத்தில், கோடைக்கானலில் எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் காலை என்றால் அந்தச் சத்தம்தான். கூட்டிப் பெருக்கும் காளியாயியின் மகள் அன்னக்கொடி, நடை பழகாத பிள்ளை, மேஜைகளுக்கு அடியில் தவழ்ந்து திரிவாள்.

அன்றைக்கு அந்த மணியையும் மீறி, சூரிய வெப்ப ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆசிரியை சகாயராணியின் அலறல் கேட்டது.

"ஐயோ, என் தகடு!"

ஓடினோம். ஒரு செம்புத் தகட்டை விளக்குப் புகையில் காட்டிக் காட்டி முந்தின நாள் முழுக்க அவள் கரி ஏற்றியிருந்தாள். தலைமுடியின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராத கரித்துகள்கள். அவ்வளவு பொடியாகப் படிந்தால்தான், விழுகிற வெயிலைத் திருப்பி அனுப்பாமல் தகடு குடிக்கும். அடியில் ஓடும் தண்ணீர் சுடும். விரல் பட்டால் போச்சு.

பட்டிருந்தது. கறுப்பின் நடுவே விரல் நுனி அளவுக்குச் செம்பு மின்னியது, பொட்டு வைத்த மாதிரி.

"ஆராய்ச்சிக்குப் பணம் தர்ற மெட்ராஸ் அதிகாரி, மலையில மஞ்சு மூடி வெயிலை மறைக்கிறதுக்குள்ள வந்துடுவார். அவர்கிட்ட எதைக் காட்டுவேன்?"

அப்போது மேஜைக்கு அடியிலிருந்து கிணுங் கிணுங்கென்று அன்னக்கொடி வெளியே வந்தாள். கன்னத்தில் வட்டமாக ஒரு கரும்பொட்டு. புத்தம் புதுசு.

அட்டெண்டர் சுப்புராஜ் சிரித்துவிட்டார். "அடியாத்தி! களவுச் சொத்தைக் கன்னத்துல வச்சிக்கிட்டுத் தானா வந்து ஆஜராகுறா பாருங்க!"

சகாயராணி சிரிக்கவில்லை. "ஏன் காளியாயி, உன் வீட்டுல விளக்கே எரியாதா? திருஷ்டிப் பொட்டுக்கு என் தகடுதான் கெடைச்சுதா?"

"நான் தொடலைங்க டீச்சரம்மா."

"அப்ப பொட்டு தானா பறந்து வந்து ஒட்டிக்கிச்சா? வேற யாரு வச்சா?"

காளியாயி விளக்குமாற்றைப் பார்த்தாள். "அதைச் சொல்ல மாட்டேங்க."

"சொல்லலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே. பிரின்சிபல்கிட்ட நானே பேசிக்கிறேன்."

"சரிங்க."

அவ்வளவுதான். பிள்ளையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். புருஷன் இல்லாதவள். அவள் ஊரான பள்ளங்கியில் அவளுக்குப் பூண்டு போட ஒரு பாத்தி நிலம்கூடக் கிடையாது. இந்த வேலைதான் அவளுக்குச் சோறு.

துறைத் தலைவர் பவுல்ராஜ் சார் வாசலில் நின்றிருந்தார். இரண்டு கையும் கோட்டுப் பைக்குள். போன மாதம்தான், மாடியில் இருந்த சூரியக் கருவியில் மாணவர்கள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கரித்துண்டும் கோத்துக் கட்டியதைப் பிடுங்கி எறிந்தார். "கறுப்புக்குத் தெரிஞ்சது வெயிலைக் குடிக்கிறது ஒண்ணுதான். எவன் கண்ணையும் தடுக்க அதுக்குத் தெரியாது!" என்று வகுப்பு முழுக்கப் பொரிந்து தள்ளியவர்.

"நீங்களே கேளுங்க சார். இந்த மூடநம்பிக்கையால என் ஆராய்ச்சியே..."

பவுல்ராஜ் சார் வலது கையை வெளியே எடுத்தார். ஆள்காட்டி விரலின் நுனி கறேலென்று இருந்தது.

"சோப்புப் போட்டும் போகலைம்மா. நல்லாத்தான் ஏத்தியிருக்கே கரியை."

சுப்புராஜ் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

"சார்... நீங்களா?"

"வெள்ளனே வந்தேன். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிச்சுது. தூக்கிக்குங்க சார்னு இவ நீட்டினா." கறுத்த நுனியைக் கட்டைவிரலால் தேய்த்தார். "பிள்ளை இல்லாதவன் கண்ணு பொல்லாததுன்னு, எங்க சொந்தத்துலயே நான் போனா குழந்தையை உள்ளே தூக்கிட்டுப் போயிடுவாங்க. எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை கெடையாது. ஆனா நம்பிக் குடுத்தவ பிள்ளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா? கை தானாப் போயிடுச்சும்மா."

சகாயராணி காளியாயியிடம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. "இதை முதல்லயே சொன்னா என்ன?"

"வகுப்புல பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்றவருங்க. அவரைப் பார்த்து நாலு பேரு சிரிக்கலாமா?"

அதிகாரி வந்தார். வெயிலில் தகட்டுத் தண்ணீர் சுட்டது. நடுவில் மின்னிய செம்பைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

"அடியில செம்புன்னு காட்டத்தான்," என்றார் பவுல்ராஜ் சார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

"நல்ல யோசனை," என்று அதிகாரி தலையாட்டினார். ஆராய்ச்சி தொடர்ந்தது. காளியாயியின் வேலையும் தொடர்ந்தது.

ஓய்வு பெற்றபின் பவுல்ராஜ் சார் சொந்த ஊருக்குப் போகவில்லை. பள்ளங்கியில், காளியாயி வீட்டுக்கு அடுத்த வீட்டில், கடைசிவரை குடியிருந்தார்.