மிக்கேலின் குரல்

தொண்டைப் புற்றுநோயில் மிக்கேலின் குரல் போனபோது, அவனுடைய பழைய ஒலிப்பதிவுகளை வைத்து அவன் மனைவி பிரகாசி ஒரு பேச்சுப்பெட்டி செய்தாள். அவன் எழுதுவதைப் பெட்டி அவன் குரலிலேயே பேசும். தூத்துக்குடியில் குரலிழந்த இன்னும் சிலருக்கும் செய்துகொடுத்தாள். அவளுடைய சின்ன நிறுவனத்தை வளர்த்துவிடுவதாகச் சொல்லி ஒரு பெரிய நிறுவனம் வந்தது. மேடையில் பொன்னாடை போர்த்தி, ஒரு வழிகாட்டியையும் அனுப்பியது.

"நோயாளிங்க சந்தை ரொம்பச் சின்னதும்மா. பெருசா யோசிங்க," என்றார் வழிகாட்டி. அவர் காட்டிய இடத்திலெல்லாம் நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு காலை, சாப்பிடும் நேரத்தில் பெட்டி நின்றுபோனது. 'இந்தச் சேவை முடிவுக்கு வந்தது' என்று திரையில் ஒரு வரி மட்டும் இருந்தது. பிரகாசி அந்த நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?"

மிக்கேலின் குரல். தட்டைத் தள்ளிவிட்டு அவன் எழுந்தான்.

"ஏலே, இது எம் புருசன் கொரலுல்லா! யாரக் கேட்டுல எடுத்திய?" என்று கத்தினாள் பிரகாசி.

"உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது," என்றது அது, ஒரு பிசிறும் இல்லாமல்.

மிக்கேல் போனைப் பிடுங்கினான். வாயோடு ஒட்டி வைத்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். தொண்டையிலிருந்து காற்றுதான் சீறியது.

"மன்னிக்கவும், எதுவும் கேட்கவில்லை," என்றது அவன் குரல். "கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள்."