தூசி ஆகாத அறை

மகன் மதன்குமாருக்கு உதவித்தொகையோடு குவாண்டம் ஆராய்ச்சியில் இடம் கேட்டுப் பேராசிரியை கிருபாவின் அறைக்கு வந்தார் பொங்கியண்ணன். வாசலில் ஒரு போர்டு: ‘செருப்பைக் கழற்றவும்.’

“தூசி பட்டா மெசினுக்கு ஆகாதுங்க. வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும், கையிலயே வெச்சுக்குங்க” என்றாள் கிருபா.

கையில் செருப்போடு நின்றே பேசினார். இடம் உறுதி என்றதும் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரு கைகளாலும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

“மேடம், இந்த ரூம்ல மெசினே இல்லீங்களே?” என்றாள் ஆராய்ச்சி மாணவி அக்ஷயா.

கிருபா போர்டைக் கழற்றினாள்.

“சீட்டு அந்தப் பையனோட மார்க்குக்கு. போர்டு அவங்கப்பனுக்கு. அந்த ஆளு வீதியில எங்கப்பா சாகுற வரைக்கும் அப்படித்தான் நடந்தாரு, கக்கத்துல செருப்போட.”